டயர் எண்ணெயை டீசல் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பர்மாவில், ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சிரியத்தில் டயர் கடை வைத்திருக்கிறேன். சிரியம் இப்போது தன்லியின், ரங்கூன் யாங்கோன், நாடே மியன்மார் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பஞ்சர், டயர் மாற்றுவது, ஆயில் மாற்றுவது என்று முப்பத்தைந்து வருஷமாக இதே வேலை.

1964க்குப் பிறகு கப்பலேறிப் போன என் சித்தப்பா குடும்பம் காரைக்குடி பர்மா காலனியில் இருக்கிறது. சித்தப்பாவின் பேரன், உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை ஒன்றைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். பழைய டயரையும் கழிவு ஆயிலையும் காற்றில்லாமல் சூடாக்கினால் டீசல் கிடைக்கும், குறைந்த முதலில் நல்ல லாபம், இளைஞர்கள் முன்வரலாம் என்று போட்டிருந்தது. அடியில் அவன் எழுதியிருந்தான்: "பெரியப்பா, இருபது லட்சம் இருந்தால் ஆரம்பிக்கலாமாம். நீங்கள் டயரிலேயே இருக்கிறவர். என்ன சொல்கிறீர்கள்?" அவனுக்குப் போனில் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். அந்தக் கட்டுரையை அவன் ஒருவன் மட்டுமா படித்திருப்பான்?

சூடாக்கினால் எண்ணெய் வரும் என்பது உண்மை. நம் ஆட்களுக்கு அது புதிதும் இல்லை. என் அப்பத்தா சிரட்டைத் தைலம் இறக்குவாள். மண்சட்டியின் அடியில் சின்னதாக ஓட்டை போட்டு, உடைத்த சிரட்டையை நிரப்பி, வாயை மூடிக் களிமண் பூசுவாள். குழி தோண்டி அதற்குள் ஒரு கிண்ணம், கிண்ணத்தின் மேல் ஓட்டைச் சட்டி. சட்டியைச் சுற்றி வறட்டியை அடுக்கித் தீ வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். சாயங்காலம் தோண்டிப் பார்த்தால் கிண்ணத்தில் கறுப்பாக, புகை நாற்றத்தோடு கொஞ்சம் எண்ணெய் நிற்கும். தோலில் வரும் படைக்கும் தேமலுக்கும் தெருவே வந்து வாங்கிப் போகும். சித்த வைத்தியர்கள் குழித்தைலம் என்று சொல்வது இதைத்தான். சட்டிக்குள் காற்று இல்லாததால் சிரட்டை எரியவில்லை. சூட்டில் உடைந்து ஒரு பங்கு ஆவியாகி, கீழே குளிர்ந்து சொட்டுகிறது. மிச்சம் கரி. ராமநாதபுரம் பக்கம் கரி மூட்டம் போடுவதும் இதே வேலைதான். அங்கே கரியை வைத்துக்கொண்டு எண்ணெயைப் புகையோடு விட்டுவிடுகிறார்கள். இப்படிக் காற்றில்லாமல் சூட்டில் உடைப்பதற்கு வைத்த பைராலிசிஸ் என்கிற பெயர் மட்டும்தான் வெளியூர்.

சரி, சிரட்டைக்குப் பதில் டயரைப் போட்டால்? டயரில் ரப்பர் பாதிதான். மோன் மாநிலத்தில் மூடோன், தன்பியூசயாட் பக்கம் பால் வெட்டுகிற ரப்பரும், பெட்ரோலிலிருந்து செய்த செயற்கை ரப்பரும் கலந்திருக்கும். அப்புறம் கரித்தூள், அதனால்தான் டயர் கறுப்பு. உள்ளே எஃகுக் கம்பி. கொஞ்சம் துத்தநாக ஆக்சைடு. கந்தகம். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியதிலிருந்து கந்தகம் இல்லாமல் டயர் இல்லை. அது ரப்பர் இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடுகிறது. அந்த முடிச்சு இருப்பதால்தான் பிளாஸ்டிக் வாளியைப் போல டயரை உருக்கி மறுபடி டயர் வார்க்க முடியாது. உடைக்கத்தான் வேண்டும், உடைத்தால் கந்தகமும் எண்ணெயோடு வரும்.

ஒரு டன் டயரை 450, 500 டிகிரியில் வேகவைத்தால் சுமாராக 400 முதல் 450 கிலோ எண்ணெய் கிடைக்கும். கரி முந்நூறுக்கு மேல், கம்பி நூறு, நூற்றைம்பது கிலோ. மிச்சம் வாயு, அதை அடுப்புக்கே திருப்பி எரிக்கலாம். கணக்கைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

இங்கே கரண்ட் முறை வைத்துத்தான் வரும். வந்த உடனே தெருப் பிள்ளைகள் எல்லாம் "மீ லாபி!" என்று கத்துவார்கள், கரண்ட் வந்துடுச்சு என்று. கரண்ட் இல்லாத நேரத்தில் கம்ப்ரசரை ஓட்ட ஒரு சீனா டீசல் எஞ்சின் வைத்திருக்கிறேன், ஒற்றைச் சிலிண்டர். டீசலுக்கு வரிசையில் நின்று அலுத்துப்போன ஒரு மழைக்காலத்தில், தெரிந்தவர் ஒருவர் "டயர் டீசல்" என்று ஒரு டிரம் கொண்டுவந்து இறக்கினார். பங்க் விலையில் பாதி. கறுப்பாக இருந்தது. நாற்றம் என்றால் சாதாரண நாற்றம் இல்லை: அழுகின முட்டை, எரிந்த ரப்பர், அதற்குள் எங்கேயோ ஆரஞ்சுத் தோல் வாசம். அந்த ஆரஞ்சு வாசத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதல் வாரம் எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. புகை மட்டும் அதிகம். பக்கத்தில் மொஹிங்கா, அதாவது மீன்குழம்பு நூடுல்ஸ், விற்கும் கடைக்காரம்மா, தன் குழம்பில் உன் புகை விழுகிறது என்று சத்தம் போட்டாள். இரண்டாவது வாரம் ஸ்டார்ட் ஆக மறுத்தது. மூன்றாவது வாரம் எஞ்சினுக்குள் எண்ணெய் பீய்ச்சும் நாசிலைக் கழற்றினால், அதன் மூக்கில் பிசின் மாதிரி கறுப்பாக இறுகிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. பம்பும் போச்சு. பாதி விலையில் மிச்சம் பிடித்தது மூன்று மடங்காகக் கையை விட்டுப் போனது.

பணம் போனால் போகட்டும். கடையில் இருக்கும் பர்மாக்காரப் பையன் ஒருநாள் சிகரெட் பற்றவைக்க அந்த டிரம்முக்கு நாலடி தள்ளித் தீக்குச்சி கிழித்தான். மூடி திறந்திருந்தது. பக்கென்று ஒரு நீல ஜுவாலை. புருவமும் முன்முடியும் போனதோடு தப்பித்தான். "ஊலே (மாமா), டீசல் இப்படிப் பற்றாதே" என்று நடுங்கிக்கொண்டே கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அன்று ராத்திரி இரண்டு டப்பா மூடியை எடுத்து, ஒன்றில் நல்ல டீசல், ஒன்றில் இது, இரண்டு கரண்டி ஊற்றி, வாசலில் தள்ளி வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். நல்ல டீசலில் குச்சி முழுகி அணைந்தது. இதில் குச்சி தொடுவதற்கு முன்பே ஆவி பிடித்துக்கொண்டது. (தயவுசெய்து யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) டீசலை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் பற்றக்கூடிய ஆவி வரும். டயர் எண்ணெயில் பெட்ரோல் போன்ற லேசான சரக்கும் கலந்தே கிடப்பதால், நம் ஊர் வெயிலிலேயே ஆவி கிளம்பிவிடுகிறது.

அந்த டிரம்மிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அடியில் இரண்டு விரல் கனத்துக்குத் தார் மாதிரி படிந்திருக்கிறது, கவிழ்த்தாலும் அசைவதில்லை. உடைந்த ரப்பரின் துண்டுகள் சும்மா இருக்காது. காற்றுப் பட்டால் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிசினாகிவிடும் என்று, கெமிஸ்ட்ரி படித்த ஒரு ஸாயா, வாத்தியார்தான், விளக்கினார். நாசிலில் இருந்ததும் அதே பிசின்தான்.

உங்கள் கட்டுரை கந்தகத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இந்தியாவில் 2020 ஏப்ரலிலிருந்து பெட்ரோல் பங்கில் விற்கும் பிஎஸ்-6 தர டீசலில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. டயர் எண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் இருக்கும். பத்து லட்சத்துக்கு என்று கணக்குப் போட்டால் பத்தாயிரம். ஆயிரம் மடங்கு! இதைத் துணியில் வடிகட்டியோ, மண்ணில் வடித்தோ எடுக்க முடியாது. ரிஃபைனரியில் அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜன் விட்டுத்தான் கழற்ற முடியும். இருபது லட்சத்தில் அந்த இயந்திரத்தின் வால்வு வாங்கலாமா என்பதே சந்தேகம்.

ரிஃபைனரி என்றதும் தாத்தா ஞாபகம் வருகிறது. எங்கள் தாத்தா இந்தச் சிரியத்தில் பி.ஓ.சி. (பர்மா ஆயில் கம்பெனி) எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர். அந்த ஆலையை நம்பி வந்த தமிழர், தெலுங்கர் குடும்பங்கள் இங்கே எத்தனையோ. மேலே யெனாஞ்சாங்கில் கிணற்றிலிருந்து எடுக்கும் குரூடு, அதாவது கச்சா எண்ணெய், குழாய் வழியாக இங்கே வரும். யெனாஞ்சாங் என்றால் பர்மா பாஷையில் நாற்றத் தண்ணீர் ஓடை என்று அர்த்தம். அந்த நாற்றத் தண்ணீரைக் காய்ச்சிப் பெட்ரோல், மண்ணெண்ணெய், மெழுகு என்று தனித்தனியாகப் பிரிப்பார்கள். மெழுகுவர்த்திகூட இங்கே வார்த்தார்கள். 1942 மார்ச் 7ஆம் தேதி ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாது என்று வெள்ளைக்காரனே ஆலைக்கு வெடி வைத்துவிட்டுப் போனான். பகலே இருட்டாகிவிட்டது என்று தாத்தா சொல்வார். அவர் அடிக்கடி சொல்லும் இன்னொன்று, குரூடைக் கொண்டுபோய் யாராவது விளக்கில் ஊற்றுவார்களா என்பது. வீட்டில் யாராவது அரைகுறையாக வேலை செய்தால் திட்டுவதற்கு அதைச் சொல்வார். நான் எஞ்சினில் ஊற்றியது அதைத்தான்.

டயர் எண்ணெய் என்பது இன்னொரு வகைக் குரூடு. பிரித்தால் அதற்குள் பொருள் இருக்கிறது. பென்சீன், டொலுவீன், சைலீன் என்று மூன்று சரக்கு; அவைதான் பெயின்ட், தின்னர், பிளாஸ்டிக், நைலான் எல்லாவற்றுக்கும் மூலம். அப்புறம் அந்த ஆரஞ்சு வாசம். அது லிமோனீன், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் அதே சரக்கு. இயற்கை ரப்பர் உடையும்போது அதன் துண்டுகள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து லிமோனீன் ஆகிறது. லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம், அதனால் அதில் இது கூடுதலாக வரும். கிரீஸ் கழுவும் கரைப்பான்களில் லிமோனீன் போடுகிறார்கள். மூடோனில் மரத்தில் வெட்டின பால், ஜப்பானுக்கோ சீனாவுக்கோ போய் டயராகி, லாரியில் ஓடித் தேய்ந்து, கடைசியில் என் கடையில் ஆரஞ்சு வாசம் அடிக்கிறது என்றால் எனக்கே ஆச்சரியம்தான். ஆனால் அதைத் தனியே எடுப்பது சுலபம் இல்லை. 176 டிகிரியில் கொதிக்கும் லிமோனீனோடு அதே சூட்டுக்குப் பக்கத்தில் கொதிக்கும் பத்துச் சரக்காவது சேர்ந்தே வரும். கந்தக நாற்றமும் விடாது. உயரமான காய்ச்சும் கோபுரமும் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளும் வேண்டும்.

பெரிய கம்பெனிகள் செய்வதைப் பாருங்கள். ஜெர்மனியில் பிஏஎஸ்எஃப் என்ற ரசாயனக் கம்பெனி 2020இல் பைரம் என்ற டயர் பைராலிசிஸ் கம்பெனியில் 1.6 கோடி யூரோ போட்டது. பைரம் டயரை உடைத்து எண்ணெய் எடுக்கும். பிஏஎஸ்எஃப் அதை வாங்கித் தன் ரசாயன ஆலையில் குரூடிலிருந்து பிரிக்கும் நாஃப்தாவுக்குப் பதிலாகச் சேர்த்துக்கொள்ளும். எண்ணெய் வண்டியில் எரியப் போவதில்லை, பிளாஸ்டிக்காக, ரசாயனமாகத் திரும்பி வருகிறது. டயரை உடைக்கிறவனுக்குப் பக்கத்தில் வாங்கிச் சுத்தம் செய்கிற ஒரு பெரிய ஆலை இருக்கிறது. அது இல்லாத ஊரில் அந்த எண்ணெய் செங்கல் சூளைக்கும் பாய்லருக்கும்தான் போகும்; இல்லையென்றால் என்னைப் போல ஏமாந்தவனிடம் டீசலாக வரும்.

டிரம் கொண்டுவந்தவரிடம் கேட்டு அந்த எண்ணெய் இறக்கும் இடத்தையும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். எந்த ஊர் என்று எழுதவில்லை. லாரி நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை, அடியில் அடுப்பு. டயர்களை முழுசாக உள்ளே திணித்து, கதவை போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். ராத்திரி முழுக்க எரிகிறது. ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து, கறுப்பாக டிரம்மில் விழுகிறது. அப்பத்தாவின் சட்டியேதான், பெரிதாக. அவள் மட்டும் சட்டி நன்றாக ஆறும் வரை யாரையும் கிட்டே விட மாட்டாள். இங்கே அடுத்த லோடு ஏற்ற வேண்டுமே என்று, உருளை கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போதே போல்ட்டைக் கழற்றினார்கள். உள்ளே கங்கு மாதிரி இருக்கும் கரிக்குக் காற்றுப் பட்டால் என்ன ஆகும்? தங்கிப்போன வாயு மிச்சம் இருந்தால்? கதவு திறந்ததும் கரித்தூள் ஒரு மேகம் போலக் கிளம்பியது. லோஞ்சியும் பனியனுமாக இரண்டு பேர் உள்ளே குனிந்து மண்வெட்டியால் வாரினார்கள். மூக்கில் ஒரு துணிகூட இல்லை. எச்சில் துப்பினால் கறுப்பு. நான் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தும் காது மடலில் இருந்த மை மூன்று நாள் போகவில்லை. அந்தக் கரியைத்தான் "கார்பன் பிளாக், நல்ல விலை" என்று கட்டுரை சொல்கிறது. துத்தநாகமும் சாம்பலும் கலந்த கரி அது. அரைத்துச் சுத்தம் செய்து தரம் பார்த்தால்தான் ரப்பர் கம்பெனி தொடும். அங்கே அது மழையில் நனைந்து ஓடையில் கரைந்துகொண்டிருந்தது.

உங்கள் நாட்டுக் கணக்கே இதைவிடத் தெளிவாக இருக்கிறது. 2019இல் இந்திய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்திடம் கொடுத்த விவரப்படி 19 மாநிலங்களில் 637 டயர் பைராலிசிஸ் ஆலைகள். விதிப்படி நடந்தவை 251, நடக்காதவை 270, மீதி 116 மூடிக் கிடந்தவை. 2022 ஜூலையில் வந்த விதியில், பைராலிசிஸ் எண்ணெய் எடுக்க வெளிநாட்டிலிருந்து பழைய டயர் இறக்குவதையே தடை செய்திருக்கிறார்கள். அப்படியும் பிரிட்டனில் மறுசுழற்சிக்கு என்று அனுப்பும் டயர்கள் இந்தியாவில் இப்படிப்பட்ட அடுப்புகளுக்குப் போகின்றன என்று பிபிசி 2025இல் செய்தி போட்டது. அந்த வருஷம் ஜனவரியில் மகாராஷ்டிராவில் வாடா என்ற இடத்தில் இப்படி ஓர் ஆலை வெடித்து இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும் செத்துப்போனார்கள். வேலை இடத்தில் குழந்தைகள் எப்படி வந்தார்கள் என்று கேட்காதீர்கள். குடும்பத்தோடு அங்கேயேதான் தங்குவார்கள், நான் பார்த்த இடத்திலும் அப்படித்தான், உருளைக்குப் பக்கத்தில் ஒரு தூளி தொங்கியது.

கழிவு ஆயில் விஷயம் வேறு, அதைக் கட்டுரையில் டயரோடு சேர்த்துக் குழப்பியிருக்கிறார்கள். ஒரு காருக்கு நாலு லிட்டர் என்று என் கடையில் நாளும் வடிகிறது. இங்கே தேக்குமர வீட்டுக்குக் கரையான் வராமல் இருக்கக் குரூடு பூசும் வழக்கம் ரொம்பப் பழையது. இப்போது அதற்குப் பதில் கழிவு ஆயிலை வாங்கிப்போய்ப் பூசுகிறார்கள். செங்கல் சூளைக்காரர் வாங்குவார். ஆசிட் ஊற்றிக் கசடை இறக்கி, மண்ணில் வடிகட்டி, பழைய டின்னில் அடைத்துப் புது ஆயில் என்று விற்கிற ஆட்களும் உண்டு; மிஞ்சும் ஆசிட் கசடு எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும். கழிவு ஆயிலை டயரோடு போட்டு வேகவைத்தால் சூடு சீராகப் பரவும், எண்ணெயும் கூடும் என்பது சரிதான். ஆனால் எஞ்சினில் ஓடிய ஆயில் கெட்டுப்போவதில்லை, அழுக்காகிறது. கரி, தண்ணீர், தேய்ந்த இரும்பு, ஆயிலில் சேர்த்த மருந்துகளின் மிச்சம். வெற்றிடத்தில் காய்ச்சி அழுக்கைக் கழித்து, ஹைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்தால் மறுபடி நல்ல லூப் ஆயில், அதாவது எஞ்சினுக்கு ஊற்றும் மசகு எண்ணெய். 42 கேலன் குரூடில் கிடைக்கும் லூப் ஆயில், 1 கேலன் கழிவு ஆயிலிலேயே கிடைத்துவிடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அப்படிப்பட்ட சரக்கை உடைத்து ஒரு தடவை எரிக்கிற எண்ணெயாக்குவது, பட்டுப்புடவையைக் கிழித்து அடுப்புத் துடைக்கிற மாதிரி.

டயரும் அப்படித்தான். லாரி டயரில் பட்டன் (ரோட்டில் படும் மேல்பகுதி) தேய்ந்துவிட்டாலும் உள்கூடு நன்றாக இருந்தால், மேலே புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் போட்டு இன்னொரு முறை ஓட்டலாம். என்னிடம் வரும் லாரி டயரில் அப்படிப் போகக்கூடியவற்றைத் தனியே எடுத்து வைக்கிறேன். படகுத்துறைக்காரர்கள் சிலதை வாங்கிப்போய்ப் படகு முட்டாமல் இருக்கக் கட்டுகிறார்கள். மீதியை என்ன செய்வது என்பது எனக்கும் தலைவலிதான், அதை மறைக்கவில்லை. வைகாசி முதல் ஐப்பசி வரை இங்கே மழை. அடுக்கி வைத்த ஒவ்வொரு டயருக்குள்ளும் தண்ணீர், தண்ணீருக்குள் டெங்குக் கொசுக்குஞ்சு. தினம் காலையில் கடைப் பையன்கள் இருவரும் டயரைப் புரட்டித் தண்ணீர் கொட்டுவதே அரைமணி வேலை. பைராலிசிஸ் வேண்டாம் என்று நான் எழுதவில்லை. இந்தக் குவியலுக்கு அதுதான் வழியாக இருக்கலாம். நிறுத்தாமல் ஓடும் ஆலையாக, கதவைத் திறந்து வாராத ஆலையாக, எண்ணெயை ரிஃபைனரிக்கு விற்கும் ஆலையாக வந்தால் முதல் லோடு டயர் என் செலவில் அனுப்புகிறேன்.

காரைக்குடிப் பையனிடம் மூன்று கேள்வி கேட்டேன். எண்ணெயை யார் எழுதிக் கொடுத்து வாங்குகிறார்கள்? அவர்கள் கந்தகம் எவ்வளவு வரை ஒத்துக்கொள்கிறார்கள்? கரி எங்கே போகும்? இயந்திரம் விற்கிறவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். இரண்டு வாரம் ஆகிவிட்டது. இயந்திரக்காரர் மூன்றுக்கும் ஒரே பதில் சொன்னாராம்: "முதலில் அட்வான்ஸ் போடுங்கள், அப்புறம் பேசலாம்."

இந்தக் கடிதத்தைப் போட இடம் இல்லை என்றாலும் பரவாயில்லை. அடுத்த முறை இந்தச் செய்தியைப் போடும்போது தலைப்பில் டீசல் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். டயர் எண்ணெய் என்று போடுங்கள், போதும். என் கடைப் பையனுக்குப் புருவம் முளைத்துவிட்டது. ஆனால் இடது பக்கம் மட்டும் இன்னும் பாதிதான்.

இப்படிக்கு,
டயர் கடைக்கார வாசகர்,
சிரியம், பர்மா